வாலேசுவரன் என்னும் பெயர்

மகப்பேறு வாய்த்த இல்லத்திலே பதினாறாம் நாளுக்கு முன்னரே எழும் வினா ஒன்று உண்டு. பிள்ளைக்கு என்ன பெயர் என்று தென்பாண்டிச் சீமையின் முதியோர் கேட்பதில்லை. யாருடைய பெயர் என்றே கேட்பர். பெயர் புதிதாகப் படைக்கப்படும் பொருளன்று, முன்னோர் ஒருவரிடமிருந்தோ இறைவனிடமிருந்தோ பெற்றுக்கொள்ளப்படும் பொருள் என்னும் கொள்கை அவ்வினாவிலே அடங்கிக் கிடக்கின்றது. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே பேரன் என மருவிற்று. பெயர்த்தி என்பது பேர்த்தி ஆயிற்று. ஆகவே, பேரன் என்று அழைக்குந்தோறும் பெயரைக் காப்பவன் என்றே அழைக்கின்றோம்.

இது குடிமக்களுக்கு மட்டும் உரிய வழக்கன்று. சோழ மன்னர் இராசகேசரி என்றும் பரகேசரி என்றும், பாண்டிய மன்னர் மாறவர்மன் என்றும் சடையவர்மன் என்றும் மாறி மாறிப் பட்டம் புனைந்தனர். தந்தைக்கு ஒரு பட்டம், மைந்தனுக்கு மற்றொன்று. பாட்டன் பட்டம் பேரனுக்கு மீளும். அரண்மனையிலே பட்டமாக வழங்கியது திருநெல்வேலிச் சைவக் குடும்பங்களிலே பெயராக வழங்கிற்று. இதனால் வீட்டிலே சிறு இடர்ப்பாடும் நேர்வதுண்டு. மாமனார் பெயரை நாவினாற் சொல்லுதல் மருமகளுக்கு மரபன்று. அப்பெயரையே மகனுக்கு இட்டுவிட்டால், பெற்ற தாய் தன் பிள்ளையை எங்ஙனம் அழைப்பாள்? 'ஐயா' என்றும் 'ராசா' என்றும் 'பெரியவனே' என்றும் அழைத்து அவள் காலங் கழித்துவிடுவாள். பள்ளிக்கூடத்துப் பதிவேட்டிலே ஒரு பெயரும், வீட்டு முற்றத்திலே வேறொரு பெயருமாக வளர்ந்த பிள்ளைகள் அந்நாட்டிலே எண்ணிறந்தோர்.

முன்னோர் பெயரும் ஆராய்ந்து பார்க்குமிடத்து இறைவன் பெயராகவே முடியும். நெல்லையப்பன், காந்திமதி, சங்கரநாராயணன், கோமதி, குற்றாலலிங்கம், உலகம்மை, கழுகாசலம், செந்திலாண்டவன் என்று தலந்தோறும் எழுந்தருளிய மூர்த்தியின் திருநாமமே அவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு இடப்படும். ஐந்து சபைகளுள் தாமிரசபை திருநெல்வேலியிலும் சித்திரசபை திருக்குற்றாலத்திலும் உள்ளன. அதனால், கூத்தப்பெருமான்பால் அந்நாட்டார் கொண்ட பற்று அம்பலவாணன், சபாபதி, சிதம்பரம் என்னும் பெயர்களாக வீடுதோறும் விளங்கலாயிற்று. அடுக்களையினின்று தாய் 'சங்கரா' என்று கூவி அழைப்பது சோறுண்ணவே ஆயினும், சொல்லப்பட்டது சிவநாமமே. நினையாமற் சொன்னாலும் நெருப்புச் சுடுவதுபோல நாமமும் தன் வினையைச் செய்யும் என்பர் ஆன்றோர். வைணவ அன்பர்கள் போற்றும் பாகவதத்திலே, அசாமிளன் இறக்குந் தறுவாயில் தன் மகனைப் பெயர்சொல்லி அழைத்து உய்ந்த வரலாறும் இக்கருத்தையே உணர்த்தும்.

நிற்க. இம்மரபு தூத்துக்குடிக் கடற்கரையிலே வேறொரு நிறமும் பெற்றது. திருமந்திர நகர் என்று புராண வழக்கிலே போற்றப்படும் இவ்வூர், கொற்கைக்குப் பின்னர் முத்துக்குளித்துறையின் தலைமை பூண்டது. இங்குப் பாகம்பிரியாளுடன் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்குச் சங்கரராமேசுவரர் என்பது திருநாமம். சங்கரராம பாண்டியன் எடுப்பித்த கோயில் ஆதலின் அப்பெயர் வந்தது என்பது தலத்து வழங்கும் செய்தி. மனிதர் தெய்வத்தின் பெயரைத் தாங்குதல் எங்கும் உண்டு. தெய்வம் மனிதரின் பெயரைத் தாங்கி நிற்றலும் உண்டு என்பதற்கு இவ்வூர்ச் சிவபெருமானே சான்று. இதனை மனத்திலே கொள்க, பின்னர் வேண்டப்படும்.

முத்து என்னும் சொல்லையே நோக்குவோம். முத்தையா, முத்துசாமி, முத்தம்மாள், முத்துக்குமாரசுவாமி என்று அச்சொல் கலவாத குடும்பம் இக்கரையிலே அரிது. வடமொழியிலே முக்தா என்பது முத்து. முக்தன் என்பவன் விடுபட்டவன். சிப்பியினின்று விடுபட்டது முத்து, மலத்தினின்று விடுபட்டவன் முத்தன் என்று பொருள் கூறுவாரும் உளர். எம்மொழி எம்மொழிக்குக் கடன் கொடுத்தது என்பதிலே சொல்லாராய்ச்சியாளர் ஒருமுகப்படவில்லை. அவ்வழக்கை அவர்களே தீர்த்துக்கொள்க. கடலிலே முத்துச்சலாபம் 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்துவிட்டது. பார்களிலே குளியாட்கள் மூழ்கி எழுந்த காட்சியை இன்று காண்பார் இல்லை. ஆயினும், முத்து என்னும் பெயர் வீடுகளிலே குறையாமல் விளைந்துகொண்டே இருக்கின்றது.

இக்கரைக்கு வந்த அயற்பெயர்களும் பல. 1530-களிலே பரதகுலத்தார் போர்த்துக்கீசியர் துணையை நாடிக் கிறித்து சமயந் தழுவியபோது, பர்னாந்து, கோமஸ், மச்சாடோ முதலிய பெயர்கள் கப்பலேறி வந்து குடும்பப் பெயர்களாயின. ஆனால், வந்த பெயர் வந்தபடியே நின்றுவிடவில்லை. தோமை தொம்மை ஆனார். இக்னேசியசு இன்னாசி ஆனார். யோசேப்பு சூசை ஆனார். பவுல் என்பதற்குச் சிறியவர் என்று இலத்தீனிலே பொருள் கண்டு சின்னப்பன் என்று தமிழிலேயே பெயர் அமைத்துக்கொண்டனர். இசுலாமியரிடத்தும் இவ்வாறே. கீழக்கரையிலே வாழ்ந்து கொடையாற் சிறந்த செய்கு அப்துல் காதிர் மரைக்காயரின் பெயர் புலவர் நாவிலே சீதக்காதி என்று குழைந்து, கேட்பார் செவிக்குத் தமிழாகவே ஒலிக்கலாயிற்று. அலைவாய்ப்பட்ட கல் மழுமழுப்பாவது போல, அயற்பெயர் எதுவாயினும் இக்கரையிலே சில தலைமுறை புரண்டபின் தமிழுருவம் பெற்றுவிடும்.

இவ்விரண்டு மரபுகளும் ஒரு குடும்பத்திலே, ஒரு குழந்தையின் பெயரிலே வந்து கூடியமையே ஈண்டுச் சொல்லவந்த செய்தியாகும்.

தூத்துக்குடிக்கு வடக்கேயுள்ள ஒட்டப்பிடாரத்திலே, 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள், வழக்கறிஞர் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் பிறந்த ஆண்மகவுக்குச் சிதம்பரம் என்று பெயரிட்டனர். சித் என்பது அறிவு. அம்பரம் என்பது வெளி. அறிவே வெளியாக நின்ற அம்பலத்தைக் குறிக்கும் அப்பெயர், சைவர்க்குக் கோயில் என்றாலே நினைவுக்கு வரும் தலத்தின் பெயருமாகும். பாட்டியார் மடியிலமர்ந்து சிவகதைகள் கேட்டு வளர்ந்த அப்பிள்ளைக்கு அப்பெயர் பொருந்துவதேயன்றோ! அவரே பிற்காலத்து வ. உ. சிதம்பரம் பிள்ளை என்று நாடு போற்றிய பெருந்தகையாவார்.

அவர் கப்பலோட்டிய வரலாற்றை ஈண்டு விரித்தல் வேண்டா. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவு செய்யப்பெற்றது. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள், ஆகப் பத்து இலட்சம் ரூபாய் மூலதனம் திட்டமிடப்பட்டது. மதுரைத் தமிழ்ச் சங்கங் கண்ட பாண்டித்துரைத் தேவரவர்கள் தலைவராக விளங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்குமிடையே சுதேசிக் கப்பல் ஓடிற்று. 1908-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். அவ்வாண்டு ஜூலை 7-ஆம் நாள் திருநெல்வேலி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே என்பார் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். உயர்நீதிமன்றத்திலே அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையிலே மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்து, கண்ணனூர்ச் சிறையிலிருந்து 1912-ஆம் ஆண்டு டிசம்பரிலே வெளிவந்தார்.

வெளிவந்தவருக்குக் கப்பலும் இல்லை, தொழிலும் இல்லை. தண்டனை பெற்றமையால் வழக்கறிஞருக்குரிய சன்னது பறிக்கப்பட்டிருந்தது. தந்தை வழியாக வந்த தொழில் அது. ஏழைகளுக்காக ஊதியம் பெறாமலும் அவர் வாதாடிய தொழில் அது. சென்னையிலே சிறு வாணிகம் நடத்தியும், அன்பர் உதவியைக் கொண்டும், மனைவியார் மீனாட்சியம்மையோடும் மக்களோடும் அவர் பட்ட துன்பம் சொல்லுந்தரத்ததன்று. செக்கின் கொடுமை உடலோடு நின்றது. குடும்பத்தை நடத்த வழியில்லா நிலைமையோ உள்ளத்தையே பிழிவது. அந்நிலையிலும் அவர் சிவஞானநூல்களை ஓதுவதை விடவில்லை.

இங்ஙனம் ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு நன்மை எதிர்பாராத திக்கினின்று வந்தது. வாலஸ் என்னும் ஆங்கிலேயர், திருநெல்வேலியிலே அலுவல் பார்த்தபோது பிள்ளையவர்களை அறிந்திருந்தவர். பின்னாளிலே சென்னை உயர்நீதிமன்றத்து நீதிபதியாக அமர்ந்தவர். அவருடைய துணையால் பறிக்கப்பட்ட சன்னது திரும்பக் கிடைத்தது. பிள்ளையவர்கள் மீண்டும் கறுப்பு அங்கி தரித்தார். கோவிற்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்குகளை நடத்தினார்.

பிள்ளையவர்கள் தம் மக்களுள் ஒருவருக்குத் தந்தையின் பெயரை மரபுப்படி உலகநாதன் என்று இட்டிருந்தார். ஆறுமுகம், சுப்பிரமணியம் என்னும் பெயர்கள் செந்திலாண்டவனை நினைவூட்டுவன. இளைய மகன் பிறந்தபோது, முன்னோர் பெயரும் இருந்தது, மூர்த்திகளின் பெயரும் இருந்தன. ஆயினும் அவர் இட்ட பெயர் வாலேசுவரன். வாலஸ் துரையின் நன்றியை மறவாமைக்காக இட்ட பெயர் அது.

அப்பெயரின் அமைப்பை நோக்குக. வாலஸ் என்னும் பெயரை அவர் அப்படியே இட்டுவிடவில்லை. ஈசுவரன் என்னும் ஈற்றைச் சேர்த்தார். வாலன் என்பது இளையோனைக் குறிக்கும் பழஞ்சொல்; வடமொழிப் பாலன் தமிழிலே வாலன் ஆதல் மரபு. வாலாம்பிகை என்று அம்மைக்குப் பெயர் வழங்குதலை யாவரும் அறிவர். எனவே வாலேசுவரன் என்று கேட்பவர் செவியிலே, இளம்பிள்ளையாகிய ஈசன் என்னும் பொருளே முதற்கண் ஒலிக்கும். அயலாரின் பெயர் உள்ளே மறைந்து நிற்கும். சந்நிதியிலே அர்ச்சனைக்கு இப்பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னால், குருக்கள் தயங்கார். அருகில் நிற்பாரும் திரும்பிப் பாரார். தொம்மையும் சூசையும் சீதக்காதியும் தமிழான கரையிலே, வாலஸும் இங்ஙனம் தமிழாயினார், அதுவும் ஒரே நாளிலே.

ஈசுவர ஈறு சேர்த்தலும் தன்விருப்பமான செயலன்று. இராசராசன் எடுப்பித்த தஞ்சைப் பெருங்கோயில் இராசராசேசுவரம் எனப் பெயர் பெற்றது. ஆற்றூரிலே துஞ்சிய தன் பாட்டன் அரிஞ்சயனுக்காக அவ்விராசராசனே மேற்பாடியிலே எடுத்த பள்ளிப்படை அரிஞ்சிகை ஈச்சரம் எனப்பட்டது. மறைந்தவர், நன்மை செய்தவர், அன்பிற்குரியவர் ஆகியோரின் பெயரை ஈசனோடு பிணைத்து அழியாமற் செய்யும் முறை அது. சங்கரராமேசுவரர் திருநாமமும் அவ்வகையினதே என்று மேலே கூறினோம். மன்னர்கள் கல்லினாற் செய்ததைப் பொருள் ஏதும் இல்லாத பிள்ளையவர்கள் ஒரு குழந்தையின் பெயரினாற் செய்தார். கருங்கல் வாங்கக் காசில்லாதவர் எடுப்பித்த கற்றளி அது என்று சொன்னாலும் பொருந்தும்.

இதற்குத் திருத்தொண்டர் புராணத்திலே முன்னோடி உண்டு. திங்களூர் அப்பூதியடிகள் திருநாவுக்கரசு நாயனாரைக் கண்ணாற் கண்டவரல்லர். அவர் பெருமையைக் காதாற் கேட்ட அளவிலே ஆட்பட்டவர். தம் மக்கள் இருவருக்கும் மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். வீட்டிலுள்ள பசுவும் எருமையும், அளக்கும் படியும் நிறுக்கும் கோலும் அப்பெயரையே தாங்கின. தண்ணீர்ப்பந்தலிலும் அப்பெயரே எழுதப்பட்டிருந்தது. வழிநடந்து வந்த நாவுக்கரசர் அதனைக் கண்டு, உம்முடைய பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று வினாவ, வந்தவர் யாரென்று அறியாத அப்பூதியடிகள் வெகுண்டார். அவ்வெகுளியைச் சேக்கிழார் பெருமான் குற்றமாகக் கூறாது அன்பின் மிகுதியாகவே காட்டுகின்றார். வாழையிலை அரியச் சென்ற மூத்த திருநாவுக்கரசு அரவு தீண்டி மாண்டபோது, அப்பெயரைத் தந்த பெருமானே திருப்பதிகம் பாடி அவனை எழுப்பினார். பெயரைக் கொடுத்தவர் உயிரையும் கொடுத்தார் என்பது அப்புராணத்தின் நுட்பம்.

இவ்விரண்டையும் ஒரு தட்டிலே வைத்து நிறுக்கின்றோம் என்று அன்பர்கள் எண்ணற்க. அப்பூதியடிகள் கொண்டது குருபத்தி. பிள்ளையவர்கள் கொண்டது செய்ந்நன்றி. நாவுக்கரசர் என்பது திருவதிகையிலே இறைவன் அருளிய பெயர். வாலஸ் என்பது அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரின் பெயர். தாரதம்மியம் அறியாமல் ஒப்பிடுதல் தகாது. ஆயினும், தம் குடியின் பெயரை ஒதுக்கி வைத்துப் பிறர் ஒருவர் பெயரைத் தம் பிள்ளைக்கு இடுதல் எத்துணை அரியது என்பதைத் திங்களூரும் தூத்துக்குடியும் ஒருங்கே காட்டுகின்றன.

இனி ஒரு தடை எழும். வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துத் தம் பொருளையும் உடலையும் ஈந்த ஒருவர், அவ்வாட்சியின் நீதிபதியாக இருந்தவர் பெயரைத் தம் மைந்தனுக்கு இடலாமோ? அது தாழ்வன்றோ? துன்பத்திலே உள்ளம் தளர்ந்தமையால் நேர்ந்ததன்றோ? இவ்வினாவை அற்பமென்று தள்ளுதற்கில்லை. தண்டித்தவரும் வெள்ளையர், உதவியவரும் வெள்ளையர். இருவரும் ஒரே முடியின் கீழ் ஊதியம் பெற்றவர். ஆனால், பிள்ளையவர்கள் எதிர்த்தது ஆட்சியையேயன்றி ஒரு நிறத்தையன்று. இனத்தைப் பகைத்தவராயின் வாலஸின் உதவியைப் பெற்றுக்கொண்டு வாளாவிருந்திருப்பார். பெற்றதை ஒளித்துவைத்தல் எளிது. ஊரறிய மகனைப் பெயர்சொல்லி அழைக்குந்தோறும் அதனை அறிவித்தல் எளிதன்று. எந்நன்றி கொன்றார்க்கு உய்வுண்டு, எந்நன்றி கொன்றார்க்கு இல்லை என்பதைத் தெய்வப்புலவர் தெளிவாக வகுத்துவிட்டார். அவ்வறப்பாலுக்கே பிள்ளையவர்கள் உரையெழுதினார். நூலுக்கு எழுதும் உரை ஒன்று. வாழ்வினால் எழுதும் உரை மற்றொன்று.

மேலும் ஒன்று. சைவ சித்தாந்தத்திலே திளைத்த அவர், சிவஞானபோதத்துக்கும் உரை கண்டவர்; அது 1935-ஆம் ஆண்டு வெளிவந்தது. எவர் வழியாக நன்மை வரினும் அதனை வருவிப்பவன் சிவனே என்பது அந்நெறியின் துணிபு. வாலஸ் கருவி, ஈசுவரனே கருத்தா. அப்பெயரின் முற்பாதியிலே கருவிக்கு நன்றி, பிற்பாதியிலே கருத்தாவுக்கு வணக்கம் என்று கொள்வோமாயின், அவர் இட்ட பெயரிலே சித்தாந்தப் பிழை ஏதும் இல்லை. பெயரைக் கேட்ட உறவினர் முதலில் முகஞ் சுளித்தனரோ, மகிழ்ந்தனரோ, யாம் அறியோம். அறிந்தது, அப்பெயரை அவர் மாற்றவில்லை என்பதே.

கோயில்களிலே கட்டளை வைப்போர் தம் பேரன் பேர்த்திகளின் பெயரை எழுதித் தருவது இக்காலத்தும் உள்ள வழக்கம். உபயதாரர் பெயர் வெட்டிய கற்களைப் பிராகாரத்திலே காண்போர், இன்னார் பேரன் இன்னார் என்று குடிவழியை அதிலேயே படித்துவிடலாம். அக்கற்களின்மேல் பிள்ளைகளை ஓடவிடாது, எழுத்தைக் காட்டி இது யார் பெயர், ஏன் உனக்கு வந்தது என்று சொல்லிக்கொடுக்கும் பாட்டிமார் இன்னும் சிலர் உளர். அவர்கள் இல்லாத வீட்டிலே பெயர் ஒலியாக மட்டும் எஞ்சும்.

பிள்ளையவர்கள் 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் தூத்துக்குடியிலே சிவபதம் எய்தினார். அவர் கப்பல் விட்ட கடற்கரையிலே பின்னர்ப் பெருந்துறைமுகம் அமைந்தது. 2011-ஆம் ஆண்டு அதற்கு வ. உ. சிதம்பரனார் துறைமுகம் என்று பெயர் சூட்டினர். ஒட்டப்பிடாரத்து வீட்டிலே தில்லைக்கூத்தனை நினைந்து ஒரு குழந்தைக்கு இட்ட பெயரை, இன்று பல நாட்டு மாலுமிகள் தத்தம் மொழியின் ஒலியிலே சொல்லிக்கொண்டு அத்துறைக்குள் கப்பலைச் செலுத்துகின்றனர்.